எங்கே இறங்குவாய்?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்
மூன்றாம் எண் ஜன்னலில் கொடுக்க வேண்டும்.
என்ன ஆகப் போகிறாய் என்று படிவம் கேட்கவில்லை.
எதை விடுகிறாய் என்று மட்டும்
ஒரு கட்டம்.
அதற்கு மேலே, யாரும் எதுவும் எழுதும் முன்பே,
கல்லூரியின் வட்ட முத்திரை.

எண்பதுக்கு முப்பத்தொன்று.
தேறிவிட்டேன், மூன்று மிச்சம் வைத்து.
அடுத்த வருடம் இந்த மூன்று தாங்காது என்றார் தாவ்டே சார்,
கோபமில்லாமல், சாயங்காலம் மழை வரும் என்பதுபோல.
விட்டால் மற்றதெல்லாம் ஏறும்.
விட்டால் இன்ஜினியரிங் இல்லை, ஆர்க்கிடெக்சர் இல்லை,
ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்லை.
இல்லைகளை விரல் மடக்கி எண்ணினார்.
ஒருநாளும் நான் தட்டாத கதவுகள்.
மூடும்போது மட்டும் சத்தம் கேட்கிறது.

அப்பா கொசுவலை அடிப்பவர்.
செம்பூரின் பாதி ஜன்னல்கள்
நீள அகலத்தோடு அவர் தலைக்குள் இருக்கின்றன.
"விட்டா ஃபீஸ் குறையுமா?"
குறையாதுப்பா.
"அப்ப வச்சுக்கோ, கிடக்கட்டும்."
சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று
பெற்றோர் இடத்தில் கையெழுத்தும் போட்டார்.
அம்மாதான் அடியில் இருந்த பொடி எழுத்தைத் தொட்டு
இதுல என்ன போட்டிருக்கு என்றாள்.
ஒருமுறை விட்டால் திரும்ப எடுக்க முடியாது.
ஓ, என்றாள்.
கீரைக்கட்டைப் பிரித்தாள்.

பத்தாவது வரை தமிழ்ப் பள்ளி.
தொடுகோடு என்றால்
என்ன செய்யும் என்று பெயரே சொல்லிக்கொடுத்துவிடும்.
நாண் என்றால் வில் கண்ணுக்குத் தெரியும்.
பதினொன்றில் டேன்ஜென்ட் வந்தது.
கார்டு என்றார்கள்,
ரேஷன் கார்டை எதற்கு வட்டத்துக்குள் வரைகிறார்கள் என்றிருந்தது.
ஒவ்வொரு வார்த்தையையும் உரித்து உள்ளே போவதற்குள்
பலகையை அழித்துவிடுவார்கள்.
ஆக, நான் விடப்போவது கணக்கையா
இங்கிலீஷையா?
அதற்குக் கட்டம் இல்லை.

இன்னொன்று, சாயிமாவிடம்கூடச் சொல்லாதது.
ஐ என்றொரு எண்.
தன்னைத் தானே பெருக்கினால் மைனஸ் ஒன்று.
அப்படியொன்று கிடையாது.
கிடையாது என்று தெரிந்தே
அதற்கு ஓர் எழுத்தும்
நிற்பதற்கு ஓர் அச்சும் கொடுத்திருக்கிறார்கள்.
இதற்கு மட்டும் எனக்குத் தமிழ்ப்பெயர் தெரியாது.
உரிக்க வேண்டியிருக்கவில்லை.
அந்தப் பாடத்தில் எட்டுக்கு எட்டு.
அன்று மான்குர்ட் வரை நின்றே வந்தேன், கால் வலிக்கவில்லை.

எட்டு பிடித்துப்போனதற்காக
எழுபத்திரண்டைச் சுமக்க முடியுமா?
முடியும் என்றுதான் தோன்றியது
இரண்டு இரவு.

வெள்ளி. கோவண்டியில் யாரோ எழ
எனக்கு உட்கார இடம்.
முதுகு சாய்வதற்குள் இயர்போனைக் கழற்றியபடி
ஒரு பெண் குனிந்தாள்.
எங்கே இறங்குவாய்?
இந்த ஊரில் அப்படிக் கேட்டால்
உன் இடத்தைக் கொடு என்று பொருள்.
குர்லா, என்றேன்.
பக்கா?
பக்கா.
சொன்ன பிறகு சும்மா உட்கார்ந்திருக்க விடமாட்டார்கள்.
செம்பூரிலேயே அவள் கைப்பை
என் மடியோரம் வந்துவிட்டது.
திலக் நகரில் எழுந்தேன்.
குர்லாவில் இறங்க வேண்டுமென்றால்
குர்லாவில் எழுந்தால் ஆகாது.

கதவருகே கம்பியில் முதுகைக் கொடுத்து
கணக்குப் புத்தகத்தையே அடியில் வைத்து
கட்டத்துக்குள் அதன் பெயரை எழுதினேன்.
கடைசி எழுத்தில் வண்டி குலுங்கியது.
பேனா மேலே ஓடி
முத்திரையின் விளிம்பில் ஓரிடத்தில் பட்டு
காகிதத்தின் ஓரம்வரை போனது.

மூன்றாம் எண் ஜன்னலில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
இது என்ன கோடு?
ரயில் சார், என்றேன்.